கிரனோலா: ஒரு காலை உணவின் மூன்று பிறவிகள்

ஓட்ஸ் அவல், உடைத்த பாதாம் அல்லது வால்நட், ஒரு கை விதைகள், தேன், எண்ணெய். இவற்றைப் பிசறித் தட்டில் பரப்பி ஓவனில் பொன்னிறமாக வாட்டி எடுத்தால் கிரனோலா. பாலிலோ தயிரிலோ போட்டு உண்பார்கள். வெறுமனே கொறிப்பவர்களும் உண்டு. நம் பெருநகரங்களின் கடைகளிலும் இது அழகிய உறைகளில் வந்து அமர்ந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. உறையின் முன்புறம் வயல்வெளி, கோதுமைக் கதிர், 'முழுத்தானியம்', 'இயற்கை' என்ற சொற்கள். பின்புறம் திருப்பினால், கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் சர்க்கரை. அதற்குச் சற்றுக் கீழே தேன், குளூக்கோஸ் பாகு என்று அதே சர்க்கரையின் பங்காளிகள்.

2016-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. ஒரே உணவுப் பட்டியலைப் பொதுமக்களிடமும் ஊட்டச்சத்து நிபுணர்களிடமும் கொடுத்து எவை ஆரோக்கியமானவை என்று கேட்டிருந்தார்கள். இரு தரப்பும் மிக அதிகமாக முரண்பட்ட பொருள் கிரனோலா பார். பொதுமக்களில் பத்தில் ஏழு பேர் அது உடலுக்கு நல்லது என்றார்கள்; நிபுணர்களில் பத்தில் மூன்று பேர்கூட அப்படிச் சொல்லவில்லை. ஒரு மிட்டாய்க்கு இத்தனை நற்பெயர் எங்கிருந்து வந்தது? விளம்பரத்தால் மட்டும் இவ்வளவு ஆழமான நம்பிக்கையை விதைத்துவிட முடியாது. அந்த நற்பெயர் நூற்று அறுபது ஆண்டுக்கால முதுசொம். ஒரு காலத்தில் நியாயமாகவே ஈட்டப்பட்டது. அதை ஈட்டிய பண்டத்தை மட்டும் இன்று நாம் யாரும் வாயில் வைக்கமாட்டோம்.

*

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் டான்ஸ்வில் என்றொரு சிற்றூர். அதன் குன்றுச் சரிவில் 1858 முதல் ஒரு நீர்மருத்துவ விடுதியை நடத்திவந்தவர் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன். 'மலைச்சரிவில் நம் இல்லம்' என்று அதற்குப் பெயர். அதற்கு முன் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் முழுநேரப் பேச்சாளராக ஊர் ஊராக அலைந்தவர் ஜாக்சன். உடல் நொடிந்து, குளிர்நீர்ச் சிகிச்சையால் பிழைத்தெழுந்தவர் என்பதால் அதன் தீவிர விசுவாசியும் ஆனார். அடிமைமுறை எதிர்ப்பு, மதுவிலக்கு, பெண்களின் இறுக்க உடைக்கு எதிரான கிளர்ச்சி, புலால் மறுப்பு ஆகியவை அக்கால அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே கூட்டத்தாரின் வெவ்வேறு கொடிகளாக இருந்தன. ஜாக்சனின் வளர்ப்பு மகளும் மருத்துவருமான ஹேரியட் ஆஸ்டின் அவ்விடுதியில் பெண்களுக்குக் கால்சட்டை அணிவித்தவர். செஞ்சிலுவை இயக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கிளாரா பார்ட்டன் 1876-இல் உடல்தேற அங்கு வந்து, அந்த ஊரிலேயே தங்கி, நாட்டின் முதல் உள்ளூர்ச் செஞ்சிலுவைக் கிளையை 1881-இல் அங்கேயே தொடங்கினார். இந்தச் சூழலை மனத்தில் கொண்டால்தான் கிரனோலா வெறும் சிற்றுண்டியாகப் பிறக்கவில்லை என்பது விளங்கும். அது ஒரு கொள்கையறிக்கையின் உண்ணத்தக்க வடிவம்.

வசதியுள்ள அமெரிக்கர்களின் அக்காலக் காலையுணவு உப்பிட்ட பன்றியிறைச்சி, கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு, வெள்ளை ரொட்டி, காப்பி என்பதாக இருந்தது. அஜீரணம் ஒரு தேசிய வியாதியாகப் பேசப்பட்டது. இதற்கு எதிரான முதல் பெருங்குரல் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியாருடையது. தவிடு நீக்காத மாவு, வீட்டில் பெண்கள் கையால் சுட்ட ரொட்டி, மசாலாவும் மாமிசமும் இல்லாத உணவு என்று 1830-களில் அவர் பிரசங்கம் செய்தார். 1837-இல் ரொட்டி தயாரிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு பாஸ்டனில் ரொட்டிக்காரர்களும் கசாப்புக் கடைக்காரர்களும் அவர் கூட்டத்தை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். கிரஹாமுக்குச் சத்துகளின் வேதியியல் தெரியாது. அன்று எவருக்குமே சரியாகத் தெரியாது. மிகைச் சுவை உடலைக் கிளர்த்தும், கிளர்ச்சி காமத்தைத் தூண்டும், காமம் உடலையும் ஆன்மாவையும் அழிக்கும் என்பது அவர் தர்க்கம். தவிட்டைப் பற்றி அவர் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் பிழை. உணவுச் சீர்திருத்தத்தின் வரலாற்றில் இந்த வினோதம் திரும்பத் திரும்ப வரும்.

கிரஹாம் மாவைத்தான் ஜாக்சன் எடுத்துக்கொண்டார். 1863-இல் அந்த மாவைத் தண்ணீரில் மட்டும் பிசைந்து, மெல்லிய தகடாகத் தட்டிச் சுட்டார். சுட்டதை உடைத்து மறுபடி சுட்டார். மீண்டும் உடைத்துக் குருணையாக்கினார். அதற்குக் 'கிரனுலா' என்று பெயர் வைத்தார். உப்பு, இனிப்பு, கொழுப்பு எதுவும் கிடையாது. அப்படியே கடித்தால் பல் போய்விடும். முந்தைய இரவே பாலிலோ நீரிலோ ஊறப்போட்டாகவேண்டும். உலகின் முதல் 'குளிர்ந்த காலையுணவுத் தானியம்' என்று உணவு வரலாற்றாளர்கள் குறிப்பது இந்தக் கற்குருணையைத்தான்.

*

ஜாக்சனின் விடுதிக்கு 1864-இல் வந்து தங்கியவர்களில் எலன் வைட்டும் ஒருவர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையின் நிறுவனர்களில் ஒருவரான இவர், உடல்நலம் குறித்துத் தமக்குத் தெய்வீகக் காட்சி கிடைத்ததாக முந்தைய ஆண்டே அறிவித்திருந்தார். டான்ஸ்வில்லில் கண்டதை முன்மாதிரியாகக் கொண்டு 1866-இல் மிஷிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக் நகரில் திருச்சபை ஒரு நலவாழ்வு நிலையத்தைத் திறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்றவர், திருச்சபையின் செலவில் மருத்துவம் படித்துவந்த இருபத்துநான்கு வயது ஜான் ஹார்வி கெல்லாக்.

கெல்லாக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது சிரமம். வெள்ளை உடை, தோளில் வெள்ளைக் கிளி, ஆயிரக்கணக்கான அறுவைச் சிகிச்சைகள், ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள், மின்சார ஒளிக் குளியல், தயிர் எனிமா! இங்கே நமக்கு வேண்டியது அவருடைய சமையலறை மட்டும். அதுவும் உண்மையில் அவருடையதல்ல, அவர் மனைவி எல்லா ஈட்டன் கெல்லாக்கினுடையது. நிலையத்தில் ஒரு சோதனைச் சமையலறையை வருடக்கணக்கில் நடத்தி, 1892-இல் சமையலின் அறிவியலைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதியவர் எல்லா. பேட்டில் க்ரீக் உணவுகளின் கதை எப்போதும் இரு சகோதரர்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த உணவுகள் உருவான இடத்தில் நின்றிருந்த பெண் அடிக்குறிப்பாகிவிட்டார்.

கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம் மூன்றின் மாவையும் கலந்து, பிஸ்கட்டாக நெடுநேரம் சுட்டு, பிறகு அரைத்த ஒரு பண்டத்தை கெல்லாக் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதற்கும் 'கிரனுலா' என்றே பெயரிட்டார். ஜாக்சன் தரப்பு சும்மா இருக்கவில்லை. சட்டத் தகராறு மூண்டதும் 1880-களின் தொடக்கத்தில் கெல்லாக் ஓர் எழுத்தை மாற்றினார். 'கிரனுலா' 'கிரனோலா' ஆயிற்று. நாம் இன்று உச்சரிக்கும் சொல் ஒரு வழக்குக்கு அஞ்சிச் செய்த எழுத்துத் திருத்தம்.

பொருளிலும் ஒரு மாற்றம் இருந்தது. நீண்ட நேரம் மெல்ல வாட்டினால் மாவுச்சத்து டெக்ஸ்ட்ரினாக உடைந்து எளிதில் செரிக்கும் என்பது கெல்லாக்கின் நம்பிக்கை. அப்படி வாட்டிய தானியத்தில் சர்க்கரை சேர்க்காமலே மெல்லிய இனிப்பும் வறுத்த மணமும் ஏறும். வறுத்த அரிசியை மெல்லும்போது நாம் அறிவது அதுதான். கெல்லாக்கின் கிரனோலாவின் மொத்தச் சுவையும் அந்த வாட்டலில் இருந்தது. விற்பனையும் ஏறியது. 1880-களின் இறுதியில் வாரத்துக்கு இரண்டு டன் விற்றதாகப் பதிவு இருக்கிறது.

கடினமான சுட்ட ரொட்டியை மெல்லப்போய்ப் பொய்ப்பல்லை உடைத்துக்கொண்ட ஒரு மூதாட்டி தம்மிடம் பத்து டாலர் நஷ்டஈடு கேட்டதாகவும், அதன் பிறகே மெல்லாமல் விழுங்கத்தக்க தானியத்தைத் தேடலானதாகவும் கெல்லாக் சொல்வதுண்டு. கதை சற்று மெருகேறியிருக்கலாம். 1894-இல் வேகவைத்த கோதுமை மாவை உருளைகளுக்கிடையே தள்ளித் தகடாக்கும் முறை வசப்பட்டது; 1896-இல் காப்புரிமை கிடைத்தது. சோள அவல் அதன் நீட்சி. தகடு வந்ததும் குருணையின் மவுசு குறைந்தது.

இந்த இடத்தில்தான் சர்க்கரை உள்ளே வருகிறது. ஜான் ஹார்வியின் தம்பி வில் கீத் கெல்லாக் கால் நூற்றாண்டுக் காலம் அண்ணனின் கணக்குப்பிள்ளையாக, எடுபிடியாக உழைத்தவர். அண்ணன் சைக்கிள் ஓட்டியபடி கட்டளைகளைச் சொல்ல, தம்பி பக்கத்தில் ஓடிக்கொண்டே குறிப்பெடுப்பாராம். நிலையத்தில் நோயாளியாகத் தங்கிச்சென்ற சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் அதே ஊரில் 1895-இல் தானியக் காப்பியும், 1897-இல் கெல்லாக்கின் கிரனோலாவை நினைவூட்டும் 'கிரேப் நட்ஸ்' என்ற குருணையும் விற்றுக் கோடீஸ்வரரானதை வில் பார்த்துக்கொண்டிருந்தார். (அதில் திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை, உணவுப் பெயர்களின் நேர்மைக்கு அப்போதே இவ்வளவுதான் மதிப்பு.) சில ஆண்டுகளில் அந்தச் சிறு நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட தானிய நிறுவனங்கள் முளைத்தன. 1906-இல் வில் தனியே நிறுவனம் தொடங்கிச் சோள அவலில் மால்ட்டும் உப்பும் சர்க்கரையும் சேர்த்தார். அண்ணனுக்கு அது துரோகம். கெல்லாக் என்ற பெயர் யாருக்கு என்று வழக்காடினார்கள். 1920-இல் தம்பி வென்றார்.

இந்தக் கதையை வழக்கமாகக் கொள்கைவாதி அண்ணன், வியாபாரித் தம்பி என்ற எளிய நாடகமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வில் புரிந்துகொண்ட ஓர் உண்மை உண்டு. நோயாளி மருத்துவர் சொன்னதற்காகச் சாப்பிடுவான், வாங்குபவன் பிடித்தால்தான் மறுமுறை வாங்குவான். விடுதியின் உணவுக்கூடத்தில் இனிப்பில்லாத தானியம் விலைபோனதற்கு அங்கே வேறு எதுவும் கிடைக்காததும் ஒரு காரணம். அண்ணனின் தூய்மை வேட்கையும் அப்பழுக்கற்றதல்ல. தானியத்தில் தொடங்கிய அந்த வேட்கை எங்கே போய் நின்றது என்பதைப் பேட்டில் க்ரீக்கை வியப்போர் விட்டுவிடுகிறார்கள். இனமேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, 1914-இல் அதே ஊரில் முதல் தேசிய இனமேம்பாட்டு மாநாட்டைக் கூட்டியவர் ஜான் ஹார்வி கெல்லாக். 'தகுதியற்றோர்' பிள்ளை பெறக்கூடாது என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்குத் தம் செல்வத்தையும் செல்வாக்கையும் ஈந்தார். குடலின் தூய்மை, குருதியின் தூய்மை ஆனது. 'சுத்த உணவு' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாநாடு நினைவுக்கு வருகிறது.

*

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் தானியம் ஊறிக்கொண்டிருந்தது. ஜூரிக்கின் மருத்துவர் பிர்ஷர்-பென்னர் 1900-ஐ ஒட்டித் தம் நோயாளிகளுக்கு அளித்த ம்யூஸ்லியில் ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டிதான்; இரவு முழுதும் நீரில் ஊறியது. மீதியெல்லாம் தோலோடு துருவிய ஒரு பெரிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, பொடித்த கொட்டை. ஆனால் கறந்த பாலால் காசநோய் பரவும் என்ற அச்சத்தால் அதில் அவர் சேர்த்தது டப்பாவில் வந்த, இனிப்பிட்ட கெட்டிப்பால். சர்க்கரைக்கு எந்தக் கோட்டையிலும் ஒரு பின்வாசல் திறந்தே இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இயக்கம் முற்றிலும் அயலானதல்ல. காந்தி ஜோஹன்னஸ்பர்க்கில் வாழ்ந்தபோது லூயி கூனே என்ற ஜெர்மானிய இயற்கை மருத்துவரின் முறைப்படி வீட்டிலேயே தவிடு நீக்காத ரொட்டி சுட, ஏழு பவுன் கொடுத்துக் கைத்திரிகை வாங்கியதைத் தம் சுயசரிதையில் சொல்கிறார். 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாகிரகக் குடும்பங்கள் மாவரைத்தார்கள். வறுத்த நிலக்கடலையை அரைத்து வெண்ணெய் செய்தார்கள், கடைவெண்ணெயைவிட அது மலிவு என்பதற்காக. அந்தக் குடும்பங்களில் பல தமிழ்க் குடும்பங்கள். அதே கொட்டை வெண்ணெய்க்குத்தான் 1895-இல் கெல்லாக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். ஒருவர் மிஷிகனில் காப்புரிமை கேட்ட பண்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய்வந்தவர்களின் வீட்டார் சிக்கனத்துக்காக அரைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது யோசிக்கத்தக்கது. எந்தத் தயாரிப்பும் வீட்டில் நிகழும்போது ஒரு பொருளைப் பெறுகிறது, சந்தையில் வேறொன்றை.

*

இரு உலகப்போர்களுக்கிடையே கிரனோலா என்ற சொல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அது பிழைத்துக் கிடந்தது அட்வென்டிஸ்டுகளின் சிறு உணவுக்கூடங்களில். லேட்டன் ஜென்ட்ரி என்பவர் 1964-இல் டென்னசி மாநிலத்தின் காலேஜ்டேல் என்ற அட்வென்டிஸ்ட் ஊரில் இயங்கிய நிறுவனத்துக்குத் தம் மொறுமொறு கிரனோலாவின் செய்முறையை 3,000 டாலருக்கு விற்றார். 1967-இல் மேற்குக் கரைக்கான உரிமையை மட்டும் 1,500 டாலருக்குத் திரும்ப வாங்கி, கலிஃபோர்னியாவின் சீக்கோ நகர நிறுவனமொன்றுக்கு 18,000 டாலருக்கு விற்றார். 1972-இல் டைம் வார இதழ் அவரைப் பற்றி எழுதியபோது, ஊர் ஊராக ஆப்பிள் விதை தூவிய நாட்டுப்புற நாயகன் ஜானி ஆப்பிள்சீடை நினைவூட்டும் பட்டத்தைச் சூட்டியது.

இந்த மூன்றாம் பிறவியின் கிரனோலா உருவத்திலேயே வேறு. சுட்ட மாவை அரைத்த குருணை இல்லை. தட்டையாக்கிய ஓட்ஸ், கொட்டை, தேன், எண்ணெய். நாம் இன்று அறிவது இதைத்தான். ஹிப்பி இளைஞர்கள் இதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1969 ஆகஸ்டில் வூட்ஸ்டாக் இசைவிழாவில், எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் சேர்ந்து உணவு தீர்ந்துபோன நிலையில், ஹாக் ஃபார்ம் என்ற கம்யூனைச் சேர்ந்தவர்கள் காகிதக் கோப்பைகளில் கிரனோலாவை நிரப்பிச் சேற்றில் கிடந்தவர்களுக்கு விநியோகித்தார்கள். நான்கு லட்சம் பேருக்குப் படுக்கையிலேயே காலையுணவு என்று வேவி கிரேவி மேடையிலிருந்து அறிவித்ததை ஆவணப்படத்தில் இன்றும் பார்க்கலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் 'கிரனோலா' என்பது இடதுசாரிச் சாய்வுள்ள, செருப்பணிந்த, மரம் காக்கும் மனிதரைக் கேலியாகச் சுட்டும் பெயரடையாகவே மாறியது இதன் பிறகு.

அடுத்த நிகழ்வைக் கவனிக்கவேண்டும். 1970 ஜூலையில் ராபர்ட் சோட் என்ற நுகர்வோர் நலச் செயற்பாட்டாளர் அமெரிக்கச் செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார். சந்தையிலுள்ள 60 தானிய உணவுகளில் 40 வெற்றுக் கலோரிகள் மட்டுமே என்றார். பெருநிறுவனங்கள் அதிர்ந்தன. வண்ணச் சர்க்கரை வளையங்களை விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு உடனடியாக ஒரு யோக்கியமான முகம் தேவைப்பட்டது. அது சீக்கோவின் கடைகளில் தயாராக இருந்தது. 1972-இல் பெட் நிறுவனம் 'ஹார்ட்லேண்ட்' என்ற பெயரில் கிரனோலாவை நாடெங்கும் இறக்கியது. குவேக்கர், கெல்லாக், ஜெனரல் மில்ஸ் எல்லாம் பின்தொடர்ந்தன. 1975-இல் ஜெனரல் மில்ஸ் அதைக் கட்டியாக்கிக் கிரனோலா பார் என விற்றது. ஹிப்பிகளின் தேன் போய்ப் பழுப்புச் சர்க்கரையும் சோளப்பாகும் வந்தன. பெயரும் நற்பெயரும் மட்டும் அப்படியே கைமாறின.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், நிறுவனங்கள் கெடுத்தன என்ற புலம்பலில் பாதிதான் உண்மை. ஹிப்பிகளின் சமையற்குறிப்புகளே இனிப்பில் தாராளம். தேன் என்பது சர்க்கரை ஆகாது, அது 'இயற்கை' என்ற நம்பிக்கை அவர்களை ஆண்டது. அக்காலத்து வீட்டுச் செய்முறைகளின் பொதுவான அளவு மூன்று கோப்பை ஓட்ஸுக்கு அரைக் கோப்பை தேன், அரைக் கோப்பை எண்ணெய். இன்றும் இணையத்தில் 'வீட்டுக் கிரனோலா' என்று தேடினால் பாட்டி வழிச் சீதனம்போல இதே விகிதம் வந்து நிற்கிறது. அரைக் கோப்பை தேன் ஏறக்குறைய 170 கிராம். அதில் சர்க்கரை 140 கிராம். பத்துப் பங்காக்கினால் பங்குக்கு 14 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பாகுகளையும் ஒரே வகையில்தான் வைக்கிறது. மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள், இயன்றால் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஐந்து சதவீதம் என்பது ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். காலை எட்டு மணிக்குள் பாதிக்கு மேல் செலவழிந்துவிடுகிறது. அரைக் கோப்பை எண்ணெய் தனியாக ஆயிரம் கலோரியை நெருங்கும்.

'ஆரோக்கியமானது' என்ற சொல்லுக்கு அரசு தரும் வரையறையும் இந்தக் காலத்தில் தடுமாறியிருக்கிறது. 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கொட்டைப் பார்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, அந்தச் சொல்லை உறையில் அச்சிடக்கூடாது என்று கடிதம் அனுப்பியது. பாதாமில் இயல்பாக உள்ள கொழுப்பு அன்றைய விதியின் வரம்பைத் தாண்டியதுதான் குற்றம். அதே விதி சேர்த்த சர்க்கரைக்கு வரம்பே வைத்திருக்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் நிர்வாகம் இறங்கிவந்தது. 2024 டிசம்பரில் வெளியான புதிய வரையறையில்தான் சேர்த்த சர்க்கரைக்கு வரம்பு வந்தது, கொட்டைகளும் விதைகளும் விடுதலை பெற்றன. அடுத்த ஆண்டே இன்னொன்றும் நடந்தது. வில் கீத் கெல்லாக்கின் பெயரைத் தாங்கிய தானிய நிறுவனத்தை 2025-இல் ஃபெரேரோ வாங்கியது. நுடெல்லாவும் சாக்லேட் உருண்டைகளும் செய்யும் இத்தாலிய மிட்டாய் நிறுவனம். அண்ணன் கெல்லாக் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கக் கற்பனை தேவையில்லை.

*

இத்தனை வரலாற்றையும் தெரிந்துகொண்டு ஒருவர் தம் வீட்டில் கிரனோலா செய்ய முனைந்தால், அவர் எதிர்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றுதான். சர்க்கரை அங்கே என்ன வேலை செய்கிறது?

சுவை முதல் வேலை. அதைவிட முக்கியமான இரண்டாவது வேலை, கட்டுதல். பொரி உருண்டைக்குப் பாகு பதம் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பாகு சூட்டில் இளகித் துகள்களைப் பற்றுகிறது, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகுகிறது. மூன்றாவது, நிறமும் மொறுமொறுப்பும். எண்ணெய் சூட்டைச் சீராகப் பரப்பி இதற்குத் துணைபோகிறது. ஆக, சர்க்கரையை வெறுமனே வெட்டினால் கிடைப்பது ஜாக்சனின் குருணை. வெட்டிய இடத்தில் அந்த வேலைகளுக்கு வேறு ஆள் வைக்கவேண்டும்.

கட்டும் வேலையை ஒரு முட்டையின் வெள்ளைக்கரு செய்துவிடும். நுரை வர அடித்துப் பிசறினால், வாட்டத்தில் அதன் புரதம் இறுகித் துகள்களைக் கட்டியாக நிறுத்தும். முட்டை கூடாதவர்கள் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். மொறுமொறுப்பு ஒரு படி குறையும். நிறத்தையும் மணத்தையும் கெல்லாக்கின் பழைய முறையான நீண்ட, மெல்லிய வாட்டல் பார்த்துக்கொள்ளும். இனிப்பின் குறையைப் பட்டைப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் பெருமளவு மறைக்கும். கிரஹாம் பாதிரியார் இரண்டையுமே விலக்கியிருப்பார். அவரை இவ்விஷயத்தில் நாம் மீறலாம்.

அளவு இதுதான். மூன்று கோப்பை ஓட்ஸ் அவல். உடனடி வகை வேண்டாம், தடித்த அவல் நல்லது. ஒரு கோப்பை உடைத்த கொட்டைகள், அரைக் கோப்பை பூசணி அல்லது சூரியகாந்தி விதை. தேன் இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பத்துப் பங்கு வரும். பங்கொன்றுக்குச் சேர்த்த இனிப்பு நான்கு கிராமுக்குள் அடங்கிவிடும். பழைய விகிதத்தில் கால்பங்கு. கலோரி மட்டும் பங்குக்கு 250 அளவில் நிற்கும், கொட்டைகள் அப்படி. ஆகவே இது கிண்ணம் நிறையச் சாப்பிடும் பண்டம் அல்ல. தயிரின் மேல் ஒரு கைப்பிடி போதும். அந்தக் கைப்பிடியிலும் ஓட்ஸின் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். கெட்ட கொழுப்பைக் குறைக்க நாளொன்றுக்கு மூன்று கிராம் உதவும் என்று 1997-லேயே அமெரிக்க நிர்வாகம் ஏற்றுக்கொண்டது அதைத்தான். கிரஹாம் காரணம் தெரியாமல் போற்றிய முழுத்தானியத்துக்கு இப்படித் தாமதமாக ஒரு காரணம் கிடைத்தது.

ஓவன் 150 பாகையில், முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். பாதியில் தட்டை ஒருமுறை திருப்பி வைக்கவேண்டும், கலவையைக் கிளறக்கூடாது. எடுக்கும்போது சற்று மென்மையாகவே இருக்கும். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் ஏறும் என்பதால் இன்னும் பத்து நிமிடம் வைக்கலாமே என்ற ஆசைக்கு இடம் கொடுத்தால் கொட்டைகள் கசந்துவிடும். முழுதாக ஆறியபின் கையால் பெரிய துண்டுகளாக உடைக்கலாம். உலர்திராட்சை சேர்ப்பதானால் அப்போதுதான் சேர்க்கவேண்டும், சூட்டில் போட்டால் அது கல்லாகும். காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் இரண்டு வாரம் தாங்கும்.